முன்ரோவின் சரிதம் வரைந்த அர்பத்நாட் துரை

சென்னை இராஜதானியில் கல்வி இலாகா என்று ஒன்று 1855-ஆம் ஆண்டில் ஏற்பட்டபொழுது அதன் முதல் டைரக்டராக அமர்ந்தவர் அலெக்ஸாண்டர் ஜான் அர்பத்நாட் என்னும் ஆங்கிலச் சிவில் உத்தியோகஸ்தர். பிற்காலத்தில் ஸர் பட்டம் பெற்றுச் சிலகாலம் கவர்னர் பதவியும் வகித்து, முதுமையில் எழுதுகோல் பிடித்து ஸர் தாமஸ் முன்ரோ, கிளைவ் பிரபு ஆகிய இருவர் சரிதங்களையும் எழுதி வைத்துச் சென்றார். நம் சங்கத்தார் ஆண்டுதோறும் பொருள் திரட்டிச் சிறுவர் சிறுமியர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கிவரும் இக்காலத்தில், சர்க்கார்ப் பள்ளிக்கூடம் என்பது நம் பக்கத்தில் எவ்வாறு வேர்கொண்டது, அதனை ஊன்றியவர் எத்தகையர் என்பதை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலமென்று கருதி இவ்வரலாற்றை எழுதலாயினேன்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்கல் வேண்டும். அர்பத்நாட் என்ற பெயரைக் கேட்டவுடன் தஞ்சை நாட்டுப் பழங்குடிகள் பெருமூச்செறிவர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்து, அதில் பணம் போட்டிருந்த மிராசுதார்களும் கைம்பெண்களும் உத்தியோகஸ்தர்களும் சேமித்ததையெல்லாம் இழந்தனர். அத்துயரத்தின் விளைவாகவே, திருவிடைமருதூரைச் சார்ந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி தோன்றிற்று. நம் சரித்திர நாயகர் அப்பெயர் தாங்கிய பெருங்குடும்பத்தின் மற்றொரு கிளையிற் பிறந்தவர். அக்கம்பெனியை நடத்தியவர் அல்லர். அவர்தம் பழிக்கு இவரை ஆளாக்குதல் முறையன்று.

இவர் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி அயர்லாந்தில் மேயோ என்னும் கோட்டத்தில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ அத்தியக்ஷர். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயாரின் பராமரிப்பில் வளர்ந்து, ரக்பி என்னும் ஊரிலுள்ள புகழ்பெற்ற பள்ளியில் டாக்டர் ஆர்னால்டு என்னும் பேராசிரியரிடம் கல்வி கற்றார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கலாசாலையிற் பயின்று, 1842-இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஏறக்குறைய இருபது.

அவர் பிறந்த அந்த 1822-ஆம் ஆண்டிலேதான் சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் முன்ரோ ஒரு கட்டளை பிறப்பித்தார். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர், அவர்கள் எந்தெந்த ஜாதியார் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களைப் பணித்தார். கணக்குகள் வந்துசேரச் சில ஆண்டுகள் சென்றன. 1826-இல் முன்ரோ அவற்றைத் தொகுத்துப் பார்த்து, இராஜதானி முழுமையிலும் 12,498 பள்ளிகளும் ஒரு லக்ஷத்து எண்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரும் இருத்தலைக் கண்டார். ஏறக்குறைய ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி. ஐரோப்பிய தேசங்களிற் பலவற்றில் சிறிது காலத்துக்கு முன்பிருந்த நிலையைவிட இது மேலானதென்று அவரே எழுதினார்.

தஞ்சை ஜில்லாவின் கணக்கு நமக்கு இன்னும் அணுக்கமானது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் அடங்கிய நமது திருத்துறைப்பூண்டிச் சீமையும் அந்நாளில் அந்த ஜில்லாவிலேயே இருந்தது. அங்கே 884 பள்ளிக்கூடங்களும், வேத சாஸ்திரங்கள் கற்பிக்கும் 109 கலாசாலைகளும் இருந்தன. பள்ளிகளில் ஏறக்குறைய பதினேழாயிரம் ஆண்பிள்ளைகள் படித்தனர். அவருள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சூத்திரர் என்ற தலைப்பின்கீழ்க் கணக்கர் எழுதியுள்ளனர். அச்சொல் நமக்கு உவப்பானதன்று. ஆயினும் உழவுக் குடிகளும் வணிகக் குடிகளும் கைத்தொழிற் குடிகளும் அத்தலைப்பினுள் அடங்குவர் என்பதை எண்ணுங்கால், நம் முன்னோர் எழுத்தறியாதார் என்று யாரேனும் இகழ்ந்தால் அதற்கு விடை அந்தக் கணக்கிலேயே இருக்கின்றது. மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்க ஓதி, பனையோலையில் எழுத்தாணி பிடித்து, உபாத்தியாயருக்கு நெல்லும் காசும் கொடுத்துப் படித்த திண்ணைப் பள்ளிகள் அவை. அவற்றின் குறைகளையும் மறைத்தலாகாது. பெண்மக்கள் அங்கே மிகச் சிலரே. வயலில் இறங்கி உழைத்த பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு அத்திண்ணைகளில் இடமிருந்ததில்லை. அப்பிள்ளைகளை விலக்கியவர்களுள் நம்மவரும் உண்டு.

முன்ரோ ஒரு திட்டம் வகுத்தார். ஜில்லா ஒன்றுக்கு இரண்டு பெரிய பள்ளிகள், தாலுகா ஒன்றுக்கு ஒரு பள்ளி. ஜில்லாப் பள்ளி உபாத்தியாயருக்கு மாதம் 15 ரூபாய், தாலுகாப் பள்ளி உபாத்தியாயருக்கு மாதம் 9 ரூபாய். ஆண்டுக்கு மொத்தச் செலவு 48,000 ரூபாய். சம்பளம் சிறிதெனினும், பிள்ளைகளிடம் பெறும் பொருளால் ஈடாகிவிடும் என்பது அவர் கணக்கு. உபாத்தியாயர் வயிற்றைப் பற்றிச் சர்க்கார் போடும் கணக்கு எக்காலத்தும் இப்படித்தான் போலும்! 1827-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பட்டிகொண்டாவில் வாந்திபேதியால் முன்ரோ மாண்டார். தாலுகாப் பள்ளிகள் சில ஆண்டுகள் தள்ளாடி நடந்தன, தகுதியுள்ள ஆசிரியர் கிடைத்திலர், மேற்பார்வை இல்லை, ஆங்கிலக் கல்வியே கல்வி என்ற கொள்கை கல்கத்தாவில் 1835-இல் வலுப்பெற்றது. 1836-இல் அப்பள்ளிகள் எடுபட்டன.

பழைய தஸ்தாவேஜுகளுக்குள் புதைந்து கிடந்த இச்செய்திகளைத் திரட்டி 1855-இல் ஒரு தொகுதியாக அச்சிற் கொணர்ந்தவர் அர்பத்நாட். சென்னை இராஜதானியின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் இன்றும் அத்தொகுதியை நாடியே தீரல் வேண்டும். அவர்தம் எழுத்துத் தொழிலின் வித்தும் அதுவே என்பது என் கருத்து. உத்தியோகத்தின் பொருட்டுப் பழைய காகிதங்களைப் புரட்டியவர், அக்காகிதங்களுக்குள் முன்ரோ என்ற மனிதரைக் கண்டார்; அவர் இறக்கும்வரை அம்மனிதர் அவரை விட்டிலர். ஜில்லாக்களிலிருந்து வந்த விரிவான கணக்குகள் மட்டும் நெடுங்காலம் வெளிவராமலிருந்து, 1983-இல் தரம்பால் என்னும் அறிஞர் வெளியிட்ட நூலினால் எல்லாருக்கும் தெரியவந்தன.

இங்கிலாந்திலிருந்து 1854-இல் வந்த கல்விச் சாசனத்தின்படி புதிய இலாகா அமைக்கப்பட்டபோது, பழைய செய்தியெல்லாம் கைவசம் வைத்திருந்த முப்பத்திரண்டு வயதினரான அவரையே அதன் தலைவராக நியமித்தனர். 1862 வரையில் அப்பதவியில் இருந்தார். பள்ளிகளைப் பார்வையிட இன்ஸ்பெக்டர்கள், தனியார் பள்ளிகளுக்கு உதவித் தொகை, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1856-இல் சென்னையில் ஒரு நார்மல் பள்ளி என்று ஒவ்வொன்றாக ஏற்பட்டன. 1857-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைச் சர்வகலாசாலை பிறந்தது. வடநாட்டில் சிப்பாய்க் கலகம் கொழுந்துவிட்டெரிந்த அதே காலத்தில் இங்கே பரீக்ஷை நடத்துவதற்குச் சட்டம் வகுத்துக் கொண்டிருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. 1854-இல் கும்பகோணத்தில் தொடங்கிய சர்க்கார்ப் பள்ளி அவர்தம் இலாகாவின் ஆதரவில் வளர்ந்து, அவர் அப்பதவியை விட்ட பின்னர் 1867-இல் கல்லூரியாயிற்று. 1880-இல் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் தமிழாசிரியராக அமர்ந்தது அக்கல்லூரியிலேதான் என்றால், தமிழுக்கு அதனால் விளைந்த பயனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்த ஏற்பாட்டினால் உயர்ந்தவர்களுள் நம் பக்கத்தார் ஒருவரை இங்கே குறிப்பிடுகின்றேன். 1832-இல் பிறந்த முத்துசாமி ஐயர் தந்தையை இழந்து, திருவாரூரில் கணக்கு வேலைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அவரது கூர்மையைக் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கர் என்பார் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு பெற்று, உபாத்தியாயராகி, கல்வி இலாகாவில் பள்ளிகளின் உதவிப் பார்வையாளராகவும் சிலகாலம் உழைத்து, பின் நியாயத் துறையில் ஏறி, 1878-இல் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியானார். அப்பதவியை முதன்முதல் ஏற்ற இந்தியர் அவரே. ஏழைப் பிள்ளை ஒருவனை ஒரு தாசில்தார் கைதூக்கிவிட்டதனால் விளைந்தது அது. தாசில்தாரின் ஜாதி வேறு, பிள்ளையின் ஜாதி வேறு என்பதையும் நம் சங்கத்தார் நோக்குவாராக.

அர்பத்நாட்டின் உத்தியோக வரலாற்றின் மேற்பகுதியைச் சுருங்கச் சொல்லலாம். 1862-இல் சென்னைச் சர்க்காரின் பிரதம காரியதரிசியானார். 1867 முதல் கவர்னரின் நிருவாக சபையில் அங்கத்தினர். 1872 பிப்ரவரியில் வைஸிராய் மேயோ பிரபு அந்தமானில் கத்தியாற் குத்துண்டு இறந்தார்; அவருக்குப் பதிலாகச் சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபு கல்கத்தா செல்ல நேர்ந்தது. அப்போது மே மாதம் வரையில் சென்னைக்குத் தற்காலிக கவர்னர் அர்பத்நாட்டே. 1873-இல் ஸர் பட்டம் கிடைத்தது. 1875-இல் வைஸிராயின் சபையில் அங்கத்தினராகிக் கல்கத்தா சென்றார்.

கல்கத்தாவில் அவர் செய்த இரண்டு செயல்களைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். லிட்டன் பிரபு வைஸிராயாயிருந்த காலம். லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலுக்கு இணங்கி, இந்தியாவில் இறக்குமதியாகும் பருத்தித் துணிகள் சிலவற்றின்மீதிருந்த தீர்வையை நீக்க லிட்டன் 1879-இல் முற்பட்டார். பஞ்சத்தினால் கஜானா வறண்டிருந்த சமயம் அது. சபையின் பெரும்பாலோர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களுள் அர்பத்நாட்டும் ஒருவர். லிட்டன் அவர்கள் அனைவரையும் மீறித் தம் அதிகாரத்தால் அதனை நிறைவேற்றினார். தலைவருக்கு எதிராக நின்று இந்நாட்டு வருமானத்தைக் காக்க முயன்றமைக்காக அவரை நாம் பாராட்டுதல் தகும்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், 1878 மார்ச்சு 14-இல், சுதேச பாஷைப் பத்திரிகைச் சட்டம் ஒரே அமர்வில் நிறைவேறியது. அதனை ஆதரித்தவர்களுள்ளும் இவர் ஒருவர். ஆங்கிலத்தில் எழுதினால் தடையில்லை. வங்காளியிலோ ஹிந்துஸ்தானியிலோ எழுதினால், சர்க்காருக்குப் பிடிக்காவிடில், அச்சுக்கூடத்துக்காரரிடம் ஜாமீன் கேட்கலாம், அச்சு யந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம், கோர்ட்டில் அப்பீல் இல்லை. வங்காளத்தில் அமிருத பஜார் பத்திரிகை ஒரே இரவில் ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தப்பித்துக் கொண்டது. தென்னாட்டுக்கு அச்சட்டம் விரிக்கப்படவில்லை. ஆகவே தமிழ்ப் பத்திரிகைகள் நேரே அடிபடவில்லை. ஆயினும் ஒரு நாட்டாரின் தாய்மொழியில் அச்சாகும் சொல்லை மட்டும் ஐயுறும் சட்டத்திற்கு, அந்நாட்டாருக்குப் பள்ளிகள் திறந்த முதல் டைரக்டர் கை தூக்கியதை நினைக்குந்தோறும் உபாத்தியாயர் மரபில் வந்தோர்க்கு மனம் கசக்கவே செய்யும். அதே காலத்தில் அவர் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் இருந்தார்!

அந்த 1878-இலேயே சென்னையில் ஹிந்து பத்திரிகை பிறந்தது. முத்துசாமி ஐயரின் நியமனத்தை வெள்ளையர் பத்திரிகைகள் இகழ்ந்தமைக்கு விடையாக எழுந்தது அது. அதனைத் தோற்றுவித்த இளைஞர்களுள் தலையாயவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர் திருவையாற்றிற் பிறந்து, தஞ்சையிற் படித்து, சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியாசிரியராயிருந்தவர். ரிப்பன் பிரபு 1882-இல் பத்திரிகைச் சட்டத்தை நீக்கினார். அதே ஆண்டில் சுப்பிரமணிய ஐயர் தமிழில் சுதேசமித்திரனைத் தொடங்கினார். நார்மல் பள்ளியும் சர்வகலாசாலையும் ஏற்படுத்திய கல்வி, அவற்றை ஏற்படுத்தியவர் விரும்பியிராத வழியிலும் சென்று பயன் தந்தது.

1880-இல் அர்பத்நாட் உத்தியோகத்தினின்று விலகித் தாய்நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே முன்ரோவின் எழுத்துக்கள் இரண்டு பாகமாக அவரால் வெளியிடப்பட்டன. அதிகாரி ஒருவர் தம் கருத்தை எழுதிக் கட்டில் சேர்க்கும் குறிப்பை மினிட் என்பர். முன்ரோவின் மினிட்டுகளைத் தேர்ந்தெடுத்து, முகப்பில் அவரது சரிதத்தை விரிவாக எழுதிச் சேர்த்தார். அச்சரிதம் 1889-இல் தனி நூலாகவும் வந்தது. 1830-இலேயே கிளெய்க் என்பவர் முன்ரோவின் கடிதங்களைக் கொண்டு ஒரு பெருநூல் இயற்றியிருந்தார். எனினும் சென்னைச் சர்க்காரின் உள்வாயில்களெல்லாம் அறிந்த ஒருவர் எழுதியது இதுவே.

அந்நூலின் சிறப்பு, முன்ரோ செய்தவற்றோடு அவர் எண்ணியவற்றையும் காகிதங்களால் நிறுவுதல். 1780-இல் காலாட்படைக் கேடட்டாக வந்து, ஹைதர் யுத்தத்தில் ஈடுபட்டு, பாராமகாலிலும் கன்னடத்திலும் கடப்பை பல்லாரி முதலிய ஜில்லாக்களிலும் கிராமம் கிராமமாகத் திரிந்து, குடியானவனோடு சர்க்கார் நேரே வரி பேசும் ரயத்துவாரி முறையை நாட்டியவர் முன்ரோ. இந்தியரைப் பெரிய உத்தியோகங்களில் வைக்க வேண்டுமென்று இடைவிடாது வற்புறுத்தியவர். இந்நாட்டார் தம்மைத் தாமே ஆளத்தக்க நிலை எய்துங்காலம் வருமென்றும், அப்போது ஆங்கிலேயர் ஆட்சி விலகுதலே இருவருக்கும் நலமென்றும் 1824-இலேயே எழுதி வைத்தவர். அவரே 1822-இல், அந்நியர் ஆளும் நாட்டில் பத்திரிகைச் சுதந்தரம் அபாயமானது என்றும் எழுதினார். பத்திரிகைச் சட்டத்தை ஆதரித்த மூன்றாம் ஆண்டில் முன்ரோவின் எழுத்துக்களைப் பதிப்பித்த அர்பத்நாட், தமக்கு மூத்த ஒருவரின் நிழலில் நின்று இளைப்பாறினார் என்று சொன்னால் பிழையாகாது.

இனி அந்நூலில் நமக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்றுண்டு. குடியானவனுக்கு வாழ்வளித்தவர் என்று முன்ரோவை உலகம் போற்றும். காவிரிப் படுகையிலோ பட்டா பெற்றவர் பெரும்பாலும் மிராசுதார். ஏர் பிடித்தவன் குத்தகைக்காரன் அல்லது பண்ணையாள். சர்க்காருக்கும் மிராசுதாருக்கும் நடந்த பேச்சே ஏடுகளில் நிறைந்துள்ளது. சேற்றில் நின்றவன் பேச்சு எந்த மினிட்டிலும் இல்லை. அவனுக்குச் சட்டம் பாதுகாப்பளிக்க 1952-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. காகிதங்களைக் கொண்டு மட்டும் சரிதம் எழுதுவோர் கண்ணுக்குக் காகிதம் எழுதாதவர் புலப்படுவதில்லை. நம் மொழியில் சாமிநாதையரவர்கள் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தை 1933, 1934 ஆண்டுகளில் வெளியிட்டார்கள். அதில் ஆசிரியரின் பசியும் கடனும் உடன்பயின்றோர் பேச்சும் ஊர்ப்பெயர்களும் நிரம்பியிருத்தலைப் படித்தவர், அர்பத்நாட்டின் நூலைப் படிக்குங்கால் ஒரு கச்சேரிக்குள் நுழைந்ததுபோல் உணர்வர். கச்சேரியிலும் உண்மை உண்டு. வீட்டின் மணம் அங்கே வராது.

1899-இல் அவர் கிளைவ் பிரபுவின் சரிதத்தை வெளியிட்டார். கிளைவ் என்றவுடன் ஆற்காடும் பிளாசியும் நினைவுக்கு வரும். ஆயினும் அவர் முதலில் வீரம் காட்டிய களங்களுள் ஒன்று நம் சோழ நாட்டுக் கடற்கரையே. 1749-இல் தஞ்சை அரசுரிமை கோரிய சாஹஜிக்குத் துணை செய்வதாகக் கூறிப் புறப்பட்ட கம்பெனியார், கொள்ளிட முகத்துவாரத்திலுள்ள தேவிகோட்டையைத் தாக்கினர். இளம் லெப்டினண்டு கிளைவ் முன்னணியில் சென்று மயிரிழையில் உயிர் தப்பினார். கோட்டை கைவந்ததும், கம்பெனியார் மன்னர் பிரதாபசிங்கரோடு சமாதானம் செய்துகொண்டு, தாம் துணைவந்த சாஹஜியைக் கைவிட்டனர். அதன்பின் ஐம்பதாண்டு கழித்து, 1799-இல் தஞ்சை நாடு முழுவதுமே கம்பெனியார் வசமாயிற்று. கிளைவின் வரலாறு நம்மவர்க்கு அயலார் வரலாறன்று.

ஆங்கில நாட்டுப் பெரியோர் அனைவரின் வரலாற்றையும் அகர வரிசையில் தொகுத்த பெரிய சரித்திர அகராதிக்கும் அவர் பல கட்டுரைகள் எழுதினார். கிளைவ், முன்ரோ ஆகியோரைப் பற்றியவை அவற்றுட் சில. 1887 முதல் 1897 வரை லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபையிலும் அமர்ந்திருந்தார். எஞ்சிய காலத்தை ஹாம்ப்ஷயரில் தம் கிராமத்து மாளிகையிற் கழித்தார். தம் பெயர் தாங்கிய கம்பெனி சென்னையில் வீழ்ந்த செய்தி எட்டிய எட்டாம் மாதத்தில், 1907 ஜூன் 10-இல், எண்பத்துநான்காம் வயதில் லண்டனில் காலமானார். ரக்பிப் பள்ளியையும் இந்தியாவையும் பற்றி அவர் எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகள் 1910-இல் நூலாக வெளிவந்தன.